ஒளியின் சுமைதாங்கி: தாமஸ் ஆல்வா எடிசன்

இருளோடு பழகியவர்க்கே ஒளியின் அருமை தெரியும். தங்கவயலில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த நம் முன்னோர், கதிரவன் ஒளி புகாத பாதாளத்தில் தம் வாழ்நாளின் பாதியைக் கழித்தவர்கள். அவர்கள் இறங்கிய சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாளுடன் மூடப்பட்டன. ஆயினும் அவர்கள் நெற்றியில் ஒளிர்ந்த சிறு விளக்கின் நினைவு நம் இல்லங்களில் இன்னும் அணையவில்லை.

கம்பியின் துணையின்றி, இடுப்பில் கட்டிய சிறு பெட்டியிலிருந்து மின்சாரம் பெற்று, ஒரு ஷிப்டு முழுதும் எரிந்த விளக்கு அது. அத்தகைய விளக்கு உருப்பெறுவதற்குப் பெரிதும் உழைத்தவர் தாமஸ் ஆல்வா எடிசன். மின்விளக்கும் பேசும் இயந்திரமும் தந்தவர் என்று பள்ளிச் சிறுவரும் அவரை அறிவர். சேமக்கலம் எனப்படும் பாட்டரிக்காக அவர் பத்தாண்டுகள் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே. அந்தப் பாட்டினையே இவ்வாண்டு விழா மலரில் சிறப்பாக எடுத்துரைக்க விழைகிறோம்.

இளமையும் கல்வியும்

அமெரிக்க நாட்டில் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த மிலான் என்னும் சிற்றூரில், 1847-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் எடிசன் பிறந்தார். எழுவர் பிள்ளைகளுள் இளையவர் அவரே. 1854-இல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்துப் போர்ட் ஹூரான் நகருக்குக் குடிபெயர்ந்தது. பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்கும் மண்ணை நாடிச் செல்லும் வாழ்வு அவருக்கும் வாய்த்தது.

பள்ளியில் அவர் பயின்ற காலம் மிகக் குறைவு. அன்னையார் நான்சி அம்மையாரே வீட்டில் ஆசிரியராய் இருந்து கற்பித்தார். பன்னிரண்டாம் வயதில் புகைவண்டியில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்கத் தொடங்கினார். காது கேட்கும் ஆற்றலும் இளமையிலேயே குன்றியது. வறுமை, குறைந்த கல்வி, செவிக்குறை ஆகிய மூன்றும் கூடி ஓர் இளைஞனை முடக்கிவிடப் போதுமானவை. அவற்றை அவர் பொருட்படுத்தவில்லை.

1862-இல் ஒரு நிகழ்ச்சி அவர் வாழ்வைத் திருப்பியது. மவுண்ட் கிளமென்ஸ் நிலையத்தில் தண்டவாளத்தின் மேல் விளையாடிக்கொண்டிருந்த சிறுவனை, உருண்டு வந்த வண்டியின் முன்னின்று எடிசன் காப்பாற்றினார். சிறுவனின் தந்தை அந்நிலையத்து அதிகாரி. நன்றியின் அடையாளமாக அவர் எடிசனுக்குத் தந்தித் தொழிலைக் கற்பித்தார்.

தந்தியும் மின்கலமும்

அக்காலத்தில் தந்திக்கு உயிர் தந்தவை மின்கலங்களே. ஆலைகளில் மின்சாரம் ஆக்கிக் கம்பி வழியே ஊருக்கு அனுப்பும் முறை பிறவாத காலம் அது. கண்ணாடிச் சாடிகளில் அமிலமும் உலோகத் தகடுகளும் இட்டு, அவற்றிலிருந்து பெறும் மின்னோட்டத்தால் செய்திகள் சென்றன. எடிசன் கண்ட முதல் மின்சாரம் இதுதான். சாடி சோர்ந்தால் செய்தி சோரும் என்பதை இரவுப் பணியில் அவர் நேரில் கண்டிருப்பார்.

1867-இல் லூயிவில் நகரில் இரவுப் பணியில் இருந்தபோது, ஓய்வு நேரத்தில் காரீயத் தகட்டு மின்கலம் ஒன்றை வைத்து ஆராய்ந்தார். கந்தக அமிலம் தரையில் சிந்தியது. பலகை இடுக்கில் வழிந்து கீழ்த்தளத்தில் இருந்த மேலதிகாரியின் மேசைமேல் விழுந்தது. மறுநாளே வேலை போயிற்று. மின்கலத்தோடு அவர் கொண்ட நீண்ட வழக்கின் தொடக்கம் இது என்று நாம் கொள்ளலாம். தந்தியின்மேல் கொண்ட பற்று மட்டும் அவரை விட்டு அகலவில்லை. பின்னாளில் தம் மூத்த மக்கள் இருவரையும் தந்திக் குறிகளின் பெயராலேயே, புள்ளி என்றும் கோடு என்றும் பொருள்படச் செல்லமாக அழைத்து வந்தார்.

புகழின் உச்சி

1876-இல் மென்லோ பார்க்கில் தம் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். 1877-இல் பேசும் இயந்திரம் பிறந்தது. 1879 அக்டோபரில் நெடுநேரம் எரியும் மின்விளக்கு வெற்றி கண்டது. 1882 செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க் நகரில் பேர்ல் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அமெரிக்க அரசு அவருக்கு வழங்கிய காப்புரிமைகள் 1,093. இவற்றைப் பலரும் எழுதியுள்ளனர் ஆதலின், இங்கே விரிக்காது விடுகிறோம்.

அவரிடம் குறையும் இருந்தது. ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்தையே அவர் நம்பினார். தொலைதூரம் செல்லவல்ல மாறுமின்னோட்டம் வந்தபோது, அது உயிருக்குக் கேடு என்று கூறிக் கடுமையாக எதிர்த்தார். உலகம் அவர் சொல்லை ஏற்கவில்லை. அவர் நிறுவனம் 1892-இல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து ஜெனரல் எலெக்டிரிக் கம்பெனி ஆனது. பெயரிலிருந்தும் எடிசன் நீங்கினார்.

இந்த வரலாற்றில் நம் தங்கவயலுக்கும் ஓர் இடம் உண்டு. மைசூர்த் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கப்பெற்ற சிவசமுத்திரம் மின்திட்டத்திற்கு மின்பொறிகளை அளித்தது அந்த ஜெனரல் எலெக்டிரிக் கம்பெனியே. 1902 ஜூன் 30-ஆம் நாள், காவிரியின் வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 92 மைல் கடந்து தங்கவயலை வந்தடைந்தது. 1901-இல் மறைந்த திவான் அதனைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. வந்தது எடிசன் எதிர்த்த மாறுமின்னோட்டம். அக்காலத்தில் அத்தனைத் தொலைவைக் கடக்க அதுவே ஏற்றதாய் இருந்தது.

மின்சாரம் சுரங்கத்து வாயில்வரை வந்துவிட்டது. கேஜை இறக்கி ஏற்றும் பொறிக்கும், பாறையை நொறுக்கும் ஆலைக்கும் அது பயன்பட்டது. ஆயினும் பாறையின் முகத்தில் நின்று துளையிடும் தொழிலாளியின் நெற்றிக்குக் கம்பி எங்ஙனம் செல்லும்? அங்கே மெழுகுவர்த்தியும் கார்பைடு விளக்குமே துணையாய் நின்றன.

சுரங்கத்தில் கரைந்த செல்வம்

எடிசனும் சுரங்கத் தொழிலின் கைப்பை அனுபவித்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1890-களில் நியூஜெர்சி மாநிலத்து ஆக்டென் மலைப்பகுதியில், தரம் குறைந்த இரும்புத் தாதுவை நொறுக்கிக் காந்தத்தால் பிரிக்கும் பேராலை ஒன்றை அமைத்தார். மின்சாரத் தொழிலில் ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதியை அதில் இட்டார். அந்நேரம் மினசோட்டா மாநிலத்து மெசாபி மலைத்தொடரில் தரமிக்க தாது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. எடிசனின் ஆலை மூடப்பட்டது. நியூ மெக்சிகோவில் நீரில்லாமலே சரளையிலிருந்து தங்கம் பிரிக்க அவர் எடுத்த முயற்சியும் பலிக்கவில்லை.

சுரங்கம் மூடப்பட்டால் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? எடிசன் அப்போது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். ஓய்வு கொள்ளாமல், புதியதொரு சேமக்கலத்தை ஆக்கும் பணியில் இறங்கினார்.

சுமை என்பது யாது?

இங்கே சற்று நின்று, சேமக்கலத்தின் இயல்பைக் காண்போம். மின்கலத்தை விளக்கோடு இணைத்தவுடன், விளக்கு அதனிடமிருந்து மின்னோட்டத்தை இழுக்கிறது. இந்த இழுப்பையே மின்சுமை என்கிறோம். சுமையின்றி இருக்கும் மின்கலம், திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆளைப் போன்றது. அவன் வலிமையை உட்கார்ந்திருக்கும்போது அளந்து பயனில்லை. தலையில் மூட்டையை ஏற்றிப் பத்துக் கல் தொலைவு நடக்கச் செய்தால்தான் உண்மை தெரியும்.

ஒவ்வொரு மின்கலத்தின் உள்ளும் மின்னோட்டத்திற்கு ஒரு தடை இருக்கிறது. அதனை உட்தடை என்பர். எடுத்துக்காட்டாக, 1.5 வோல்ட் அழுத்தமுள்ள பழைய மின்கலம் ஒன்றின் உட்தடை அரை ஓம் என்று கொள்வோம். டார்ச் விளக்கு அதிலிருந்து 1 ஆம்பியர் மின்னோட்டம் இழுத்தால், அரை வோல்ட் உள்ளேயே வீணாகிவிடும். விளக்கை அடைவது 1 வோல்ட்டே. விளக்கு மங்கும். அதே மின்கலத்தைச் சுவர்க் கடிகாரத்தில் இட்டால், அது இழுப்பது ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். உள்ளே வீணாவது ஒரு பொருட்டன்று. ஆகவேதான் டார்ச் விளக்கில் தோற்ற மின்கலம் கடிகாரத்தில் பல திங்கள் உழைக்கிறது. நம் வீட்டுப் பெண்மணிகள் பல்லாண்டுகளாகக் கண்டறிந்து கையாளும் சிக்கனம் இது.

இன்னும் சில உண்மைகள் உண்டு. மின்கலத்தை மெல்ல இழுத்தால் அது தரும் மொத்த மின்சாரம் மிகுதி. விரைந்து இழுத்தால் குறைவு. இழுப்பை நிறுத்திச் சற்று ஓய்வு தந்தால் அழுத்தம் ஓரளவு மீளும். மங்கிய டார்ச் விளக்கை அணைத்துவிட்டுச் சிறிது பொறுத்து ஏற்றினால், சில நொடிகள் பளிச்சென்று எரிவது இதனால்தான். குளிரில் மின்கலத்தின் வேகம் குன்றும். வயது ஏற ஏற உட்தடை வளரும். பழையதையும் புதியதையும் ஒரே டார்ச்சில் இணைத்தால், பழையது புதியதன் உழைப்பையும் கெடுக்கும்.

பத்தாண்டுப் போராட்டம்

அந்நாளில் சேமக்கலம் என்றால் காரீயமும் கந்தக அமிலமும்தான். எடை மிகுதி. அமிலம் சிந்தினால் துணியும் தோலும் வேகும். முற்றிலும் தீர்ந்த நிலையில் நெடுநாள் விட்டால் பாழாகும். இரும்பும் நிக்கலும் கொண்டு, அமிலத்திற்கு மாறாகக் காரக் கரைசலில் இயங்கும் சேமக்கலத்தை ஆக்க எடிசன் முனைந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்வீடன் நாட்டு வால்டெமர் யுங்னர் என்னும் அறிஞரும் அவ்வழியிலேயே உழைத்தார் என்பதையும் இங்கே குறிப்பிடுதல் முறை.

1901-இல் எடிசன் சேமக்கலக் கம்பெனி அமைந்தது. 1903-இல் கலங்கள் விற்பனைக்கு வந்தன. மின்சார வண்டிகளில் பொருத்தப்பட்டன. பெரும் புகழ்ச்சி எழுந்தது. சிறிது காலத்தில் குறைகள் வெளிப்பட்டன. சில கலங்களின் உறைகள் கசிந்தன. சில கலங்கள், சுமை தாங்கி உழைக்க உழைக்கத் தம் கொள்ளளவை இழந்தன. ஆய்வுக்கூடத்து மேசையில் நன்றாக இருந்தவை, கரடுமுரடான சாலையில் நாள்தோறும் ஏற்றிய சுமையில் சோர்ந்தன.

எடிசன் என்ன செய்தார் என்பதே நாம் கருத்திற் கொள்ளத் தக்கது. விற்பனை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. குறையை மறைத்துச் சில ஆண்டுகள் ஓட்டியிருக்கலாம். அவர் உற்பத்தியையே நிறுத்தினார். கெட்ட கலங்களைத் திரும்பப் பெற்றார். பிறகு மீண்டும் ஆய்வில் அமர்ந்தார். உலக வியாபாரத்தில் இதனை எளிய செயல் என்று கூற முடியாது.

குறையின் வேரைத் தேடினார். நிக்கல் கூட்டுப் பொருளினூடே மின்சாரம் செல்வதற்காகக் கலந்த கிராபைட் தூள், நாளடைவில் தன் தொடர்பை இழந்தது. அதற்கு மாற்றாகக் காகிதத்தினும் மெல்லிய நிக்கல் செதில்களை ஆக்கினார். செம்பும் நிக்கலும் மாறிமாறி மெல்லிய படலங்களாகப் படியச் செய்து, பின்னர்ச் செம்பைக் கரைத்துவிட்டு நிக்கல் செதில்களைப் பிரித்தெடுத்தார். அவற்றைத் துளையிட்ட எஃகுக் குழாய்களில் நிக்கல் கூட்டுப் பொருளோடு அடுக்கடுக்காக இட்டு நிரப்பினார். கரைசலில் சிறிது லித்தியம் கூட்டுப் பொருளையும் சேர்த்தார். கலத்தின் கொள்ளளவு உயர்ந்தது. இன்றைய கைப்பேசியின் மின்கலத்தில் லித்தியம் வேறு வகையில் பணிபுரிகிறது. எனினும் அப்பொருளின் பெயர் நூறாண்டுகளுக்கு முன்பே மின்கல வரலாற்றில் நுழைந்துவிட்டது என்பது வியப்பிற்குரியது.

புதிய கலங்களை வண்டிகளில் ஏற்றிக் கரடான சாலைகளில் ஓட்டினர். மேல்மாடியிலிருந்து கீழே எறிந்தும் பார்த்தனர் என்பர். 1909-இல் மீண்டும் விற்பனை தொடங்கியது. இம்முறை கலம் நின்று உழைத்தது. கூடுதலாக மின்னேற்றினாலும், தீர்ந்தபடியே கிடந்தாலும், அது எளிதில் கெடவில்லை.

எனினும் அதற்கும் எல்லை உண்டு. மோட்டார் வண்டியை முடுக்கிவிட ஒரே நொடியில் பெரும் மின்னோட்டம் வேண்டும். உட்தடை மிகுந்த எடிசன் கலம் அதற்கு இணங்கவில்லை. குளிர்காலத்தில் மேலும் சோர்ந்தது. அப்பணி இன்றளவும் பெரும்பாலும் காரீயக் கலத்திடமே உள்ளது. நிதானமான சுமையை நெடுநேரம் தாங்கும் பணியே எடிசன் கலத்திற்கு உரியது. புகைவண்டி விளக்குகளுக்கும் இருப்புப்பாதைக் கைகாட்டிகளுக்கும் அது பயன்பட்டது. அதற்கு மிகப் பொருத்தமான பணியைச் சுரங்கமே அளித்தது.

தொழிலாளியின் நெற்றி விளக்கு

1912-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து ஜெட் நிலக்கரிச் சுரங்கத்தில், சுடர் விளக்கால் வளி பற்றி வெடித்து ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அக்கொடுமையைக் கண்டு நெஞ்சு நொந்த ஜான் ரையன், ஜார்ஜ் டைக் என்னும் சுரங்கப் பொறியாளர் இருவர், சுடரில்லாத விளக்கு வேண்டும் என்று எடிசனை அணுகினர். அவர் இசைந்தார். 1914-இல் சுரங்கப் பாதுகாப்புப் பொருள்களுக்கென அவ்விருவரும் ஒரு கம்பெனியைத் தொடங்கினர். எடிசனின் சேமக்கலம் கொண்ட தொப்பி விளக்கு வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவருடைய தொழிற்சாலைக் கட்டடங்கள் பல தீக்கிரையாயின. அறுபத்தேழு வயதில் அவற்றை மீண்டும் எழுப்பவும் அவர் தயங்கவில்லை.

அந்த விளக்கின் அமைப்பு எளிமையானது. கலம் இடுப்பு வாரில், விளக்கு தொப்பியில், இரண்டையும் இணைப்பது உறுதியான கம்பி. ஒவ்வோர் எடிசன் கலத்தின் அழுத்தமும் ஏறத்தாழ 1.2 வோல்ட். ஒரு ஷிப்டின் தொடக்கத்தில் தரும் ஒளியைப் பெரிதும் குன்றாது அதன் முடிவுவரை தருவதே அதன் கடமை. தொழிலாளி மேலே வந்ததும் விளக்கை ஒப்படைப்பான். அது இரவெல்லாம் மின்னேற்றம் பெற்று மறுநாளைக்குக் காத்திருக்கும். நடுவில் அணையுமாயின், மேலே வர வழி தெரியாது. சுமையின் கீழ் நின்று உழைப்பது என்பதன் முழுப்பொருளும் இங்கேதான் விளங்குகிறது.

நம் சுரங்கங்களின் ஆழம் 3 கிலோமீட்டரையும் கடந்தது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியது. பாறைவெடிப்பு எப்போது நேரும் என்று எவரும் அறியார். அத்தகைய இடத்தில் இரு கைகளுக்கும் விடுதலை தந்து, பார்வை செல்லும் திசையெல்லாம் தானும் திரும்பும் விளக்கு எத்தகைய துணை என்பதை, இம்மலரைப் படிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர்கள் நன்கு அறிவர். தலையில் விளக்கும் இடையில் மின்கலமும் என்ற அந்த அமைப்பு உலகச் சுரங்கங்களுக்கெல்லாம் பொதுவாயிற்று. பின்னாளில் வெவ்வேறு கம்பெனிகளின் காரீயக் கலங்களும், அண்மைக் காலத்தில் லித்தியக் கலங்களும் அவ்விடத்தைப் பெற்றன. எடிசன் வகைக் கலத்தின் உற்பத்தி அமெரிக்காவில் 1975-இல் நின்றது. ஆயினும் எடிசன் வகுத்த முறை நிலைத்தது.

நிறைவு

1931 அக்டோபர் 18-ஆம் நாள், தம் எண்பத்து நான்காம் வயதில் எடிசன் வெஸ்ட் ஆரஞ்சில் மறைந்தார். இறுதிக் காலம்வரை ஆய்வுப்பணியை அவர் விட்டாரில்லை.

இன்று நம் இளைஞர்கள் மாரிக்குப்பத்தில் விடியுமுன் புகைவண்டி ஏறிப் பெங்களூரு சென்று உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். அவர்கள் கையில் இருப்பது கைப்பேசி. அதனுள்ளும் ஒரு சேமக்கலம் சுமை தாங்குகிறது. வழியில் அலை வலுவிழந்த இடங்களில், தொடர்பு கொள்ளும் பொருட்டுக் கைப்பேசி மிகுதியான மின்சாரத்தை இழுக்கும். வயதேறிய கலமாயின், இருபது விழுக்காடு மீதம் என்று திரையில் காட்டிக்கொண்டிருக்கும்போதே, சுமை ஏறிய நொடியில் அழுத்தம் சரிந்து அணைந்துவிடும். வீட்டில் காத்திருக்கும் தாயின் நெஞ்சம் துடிக்கும். அவ்வேளையில் கருவியைச் சினந்து பயனில்லை. திரையின் வெளிச்சத்தைக் குறைத்தல், தேவையற்ற போது டார்ச்சையும் படக்காட்சியையும் நிறுத்தல், சோர்ந்த கலத்தைக் காலத்தே மாற்றல் ஆகியவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று.

வெளியூர் செல்வோர் கோடைவெயிலில் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கென நம் முன்னோர் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டனர். பெயர் தெரியாத வழிப்போக்கனுக்காக நட்ட கல் அது. எடிசன் ஆக்கிய விளக்கும் அவர் முகம் அறியாத சுரங்கத் தொழிலாளிக்காகவே எரிந்தது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, நம்பி இறங்குபவனைக் கைவிடாத பொருளை ஆக்கும்வரை ஓயாத அந்த உள்ளத்தை நம் குழந்தைகள் பெறவேண்டும் என்பதே நம் விழைவு. ஆழத்தில் உழைத்து நம்மை ஆளாக்கிய தங்கவயல் தொழிலாளர்களின் நினைவோடு, அவர்களைப் போன்றோருக்கு ஒளி தந்த அப்பெரியாரின் நினைவையும் போற்றுவோமாக.